மைதானத்துக்குள் கேட்டது

அமெரிக்காவின் டிரம் கோர்களில், அதாவது மைதானத்தில் அணிவகுத்தபடியே கொம்பும் டிரம்மும் வாசிக்கும் இளைஞர் குழுக்களில், ஒன்றான கேடட்ஸை மூடுகிறார்கள் என்ற செய்தி 2024 ஏப்ரலில் வந்தபோது எங்கள் பழைய ஆட்களின் வாட்ஸப் குழு விடிய விடிய விழித்திருந்தது. நாங்கள் யாரும் கேடட்ஸில் இருந்தவர்கள் இல்லை. ஓஹாயோவில் ஒரு சின்ன டிரம் கோரில் இருந்தோம், அது மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, மூடியபோது எந்தப் பத்திரிகையும் அதைப் பற்றி எழுதவில்லை. கேடட்ஸ் அப்படியா? 1934-இல் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டு ஊரில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்துப் பையன்களை வைத்து ஆரம்பித்து, கோர்களின் போட்டிகளை நடத்தும் டி.சி.ஐ. அமைப்பின் பட்டத்தைப் பத்து முறை வென்ற கோர் அது. கோடை முகாமுக்குச் சில வாரமே இருக்கும்போது, வழக்குச் செலவைத் தாங்க முடியவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த வழக்குகளுக்குப் பின்னால் இருக்கும் வலி பெரியது, அதை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை, தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வயிறு கலங்கியது, அந்தக் கோடைக்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்துத்தான்.

பேச்சோடு பேச்சாக எங்கள் ஆட்களில் ஒருவர், 2004-இல் நாங்கள் செய்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவை எங்கிருந்தோ தேடியெடுத்துக் குழுவில் போட்டார். ஆளாளுக்கு அழுகிற முகம் போட்டார்கள். ஒருத்தி காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டதாக எழுதினாள். நான் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. நன்றாக வாசித்திருந்தார்கள், அவ்வளவுதான். "வாசித்திருந்தார்கள்" என்றுதான் மனசில் வந்தது, "வாசித்திருந்தோம்" என்று வரவில்லை. யாரோ முன்பின் தெரியாத பிள்ளைகள். அந்தக் கோடையைப் பற்றி இத்தனை வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். அந்த இசையைக் கேட்டால் ஏன் உள்ளே எதுவும் அசையவில்லை? இது என்னைப் பல மாதம் அரித்தது.

மறந்துபோயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அதுவும் இல்லை, என் விரல்கள் மேசையில் தானாகவே தாளத்துக்கு வால்வை அழுத்திக்கொண்டிருந்தன. அப்புறம் மெல்ல மெல்லப் புரிந்தது. அந்த நிகழ்ச்சியை நான் கேட்டதே கிடையாது, ஒரே ஒரு இரவு தவிர.

கையைப் பார், காதை விடு

அமெரிக்கக் கால்பந்து மைதானம் 100 யார்டு நீளம், 53 யார்டுக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். அதில் கொம்புக்காரர்களும் டிரம்காரர்களும் கொடி சுழற்றுகிற கலர் கார்டும் பரந்து நிற்கிறோம், நிற்கக்கூட இல்லை, ஓடிக்கொண்டே இருக்கிறோம். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 50 யார்டைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 0.13 விநாடி வேண்டும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் நிமிஷத்துக்கு 160 தட்டு என்ற வேகத்தில் வாசிக்கும்போது ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இருப்பதே 0.375 விநாடிதான், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றிலேயே போய்விடுகிறது. ஆற்றங்கரையில் தூரத்தில் ஒருவர் துணி துவைப்பதைப் பார்த்தால், கை மேலே போன பிறகுதானே கல்லில் அடித்த சத்தம் நம்மிடம் வரும், மைதானம் முழுக்க எல்லாத் திசையிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கும்.

அதனால் டிரம் கோரில் சேர்ந்தவுடன் முதலில் சொல்லிக்கொடுப்பது, காதில் விழுவதோடு சேர்ந்து வாசிக்காதே என்பதைத்தான். தாளம் பின்னால் இருக்கும் டிரம் வரிசையிடம் இருக்கும். அதற்கு முன்னால் நிற்பவர்கள் பின்னாலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு அதோடு வாசிக்கலாம், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே பார்வையாளரிடம் போய்ச் சேரும். டிரம் வரிசையும் அதற்குப் பின்னால் இருப்பவர்களும் பக்கவாட்டில் தூரத்தில் இருப்பவர்களும் முன்னால் நின்று கையசைத்துத் தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையை மட்டும்தான் நம்ப வேண்டும். நான் மெல்லோஃபோன் என்ற பித்தளைக் கொம்பை வாசித்தேன், எங்கள் நிகழ்ச்சி முழுக்க எனக்கு வாய்த்த இடங்கள் பெரும்பாலும் ஒரு ஓரம். மறுபக்கத்தில் ட்ரம்பெட்காரர்கள் மெட்டை வாசிக்கிறார்கள், அது என் காதுக்கு வந்து சேர்வதற்குள் நான் அடுத்த துண்டுக்குப் போயிருக்க வேண்டும். வாசிக்கிற ஒவ்வொரு நொடியும் தப்பாக வாசிக்கிறோம் என்றே தோன்றும். அப்படித் தோன்றினால்தான் சரியாக வாசிக்கிறோம் என்று அர்த்தம். முதல் சில வாரங்கள் இதில் தலை வெடித்துவிடும் போலிருந்தது, எனக்கு மட்டுமில்லை, புதிதாக வந்த எல்லாருக்கும்தான்.

அப்படியானால் மைதானத்துக்குள் என்னதான் கேட்டது? என் இடப்பக்கத்துப் பெண் மூச்சு இழுக்கும் சத்தம். பின்னால் எங்கோ கான்ட்ரா என்ற பெரிய கொம்பின் அடிச்சுரம், அது காதில் கேட்டதைவிட முதுகில்தான் அதிகம் கேட்டது. ஷூ புல்லில் உரசும் ஓசை. எனக்குள்ளேயே ஓடும் எண்ணிக்கை, ஒன்று முதல் எட்டு வரை, திரும்பத் திரும்ப. மெட்டு, இணக்கம், கைதட்டல் எல்லாம் மூடுபனிக்குள்ளிருந்து வருகிற மாதிரி அரைகுறையாக. எங்கள் எழுபது சொச்சம் பேரில் யாருக்கும் முழு நிகழ்ச்சி கேட்டதில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் நின்ற இடத்திலிருந்து ஒரு துண்டு, அவ்வளவுதான்.

ரெண்டு வால்வு

என் கையில் இருந்தது இரண்டே வால்வுள்ள ஜி சுதி மெல்லோஃபோன், ஏதோ பெரிய கோர் கழித்துப்போட்டதை எங்கள் கோர் மலிவாக வாங்கியிருந்தது, ஒலி வெளியேறும் மணிப்பக்கத்தில் நெளிவு இருந்தது. எந்தச் சுதிக் கொம்பும் வைத்துக்கொள்ளலாம் என்று டி.சி.ஐ. 2000-இல் விதியை மாற்றிய பிறகு பணமுள்ள கோர்களெல்லாம் மூன்று வால்வு பி ஃப்ளாட் கொம்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஜி கொம்பின் சத்தத்தில் ஒரு முரட்டுத்தனம் உண்டு, சுதி சேர்ப்பது பெரும்பாடு, ஆனால் திறந்து ஊதினால் எதிரில் இருக்கிறவர் சட்டை அசையும் என்பார்கள். இப்போதைய கோர்களில் மைக், ஸ்பீக்கர், சின்தசைசர் எல்லாம் வந்துவிட்டன. நாங்கள் அணிவகுத்த 2004-இல்தான் ஒலிபெருக்கியை முதன்முதலாக அனுமதித்தார்கள், 2009-இல் மின்னணுக் கருவிகளையும். பழைய ஆட்கள் இதற்காக இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையை நான் சின்னதாக நினைக்கவில்லை, ஆனால் எனக்கு அதில் பெரிய பிடிமானமும் இல்லை. என் ஏக்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தக் கோடை எப்படிப் போயிற்று என்று கோரில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ராத்திரி நிகழ்ச்சி முடிந்ததும் பஸ், பஸ்ஸிலேயே தூக்கம், விடிவதற்கு முன் ஏதோ ஒரு ஊரின் பள்ளிக்கூட ஜிம்மில் தரையில் ஸ்லீப்பிங் பேக்கை விரித்து மிச்சத் தூக்கம், அப்புறம் நாள் முழுக்க வெயிலில் பயிற்சி. கழுத்தில் தொங்கும் டாட் புத்தகம், நிகழ்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் நாம் நிற்க வேண்டிய இடம், அதாவது நம் 'டாட்', அதில்தான் இருக்கும். ஐந்து யார்டுக்கு எட்டு ஸ்டெப், ஒரு ஸ்டெப் 22.5 அங்குலம், கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அந்த அளவு தப்பக் கூடாது. "கடைசியா ஒரே ஒரு தடவை" என்று பயிற்சியாளர் சொல்வார், அது கடைசியாக இருந்ததே இல்லை. முழுப் பருவத்துக்கும் ஒரே நிகழ்ச்சிதான், அதையே ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை தேய்த்துத் தேய்த்து எடுப்போம்.

ஜூலை நான்காம் தேதி மட்டும் ஊர் ஊராகத் தெரு அணிவகுப்பு, சின்னக் கோர்களுக்கு அதில் வரும் பணம்தான் டீசலுக்கு. அப்படி ஒரு ஊரில், அணிவகுப்பு முடிந்து நிழலில் உட்கார்ந்திருந்தபோது, மடக்கு நாற்காலியைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர் வந்து என் கொம்பைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வால்வா? எங்களுக்கு ஒண்ணுதான்" என்றார். 1950-களில் ஏதோ படைவீரர் சங்கத்தின் கோரில் ஊதியிருக்கிறார். போர் முடிந்து வந்த வீரர்களின் சங்கங்கள்தானே, அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. என்று, ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து இந்தக் கோர்களை நடத்தின. வால்வுகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன, செங்குத்தாக இரண்டு வால்வு 1977-இல், மூன்றாவது 1990-இல். நாங்கள் எத்தனை புள்ளி எடுக்கிறோம், எத்தனையாவது இடம் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "நீ எந்தப் பக்கம் நிப்பே?" என்றார். சொன்னேன். "நான் மறுபக்கம், பின் வரிசை" என்று சொல்லிவிட்டுக் கொம்பைத் திருப்பிக் கொடுத்தார். அறுபது, எழுபது வயதில் ஒரு மனிதர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதமா இது என்று அப்போது எனக்கு வியப்பாக இருந்தது.

அப்பா ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு வந்தார். பத்து வயதில் என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவர், கோடை முழுக்கப் படிப்பில்லாமல் பஸ்ஸில் சுற்றுவதற்குக் கையிலிருந்து பணம் வேறு கட்ட வேண்டும் என்றதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை, ஆனாலும் கட்டினார், வந்தும் பார்த்தார். முடிந்ததும் "நல்லா இருந்துச்சுப்பா. ஆனா கடைசி வரைக்கும் அதுல நீ எதுன்னே எனக்குத் தெரியலையே" என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

காலி இடம்

கணுக்கால் பிசகியது ஜூலைக் கடைசியில். பின்னோக்கிப் போகும் ஒரு வேகமான பகுதியில் புல்லில் இருந்த குழியில் கால் மடங்கியது. வீக்கத்தைப் பார்த்துவிட்டு, இன்றிரவு நீ இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. சீருடை போடாமல், கோர் டி-சர்ட்டோடு, கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு அரங்கின் மேல் வரிசையில் பயிற்சியாளர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாண் வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. நூறு யார்டுக்குப் பரந்து கிடந்தவர்கள் ஊதியது ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில் வந்து நெஞ்சில் மோதியது. கீழே இருக்கும்போது நாங்கள் யாரும் ஒன்றாக வாசிப்பதாகவே தோன்றாது, ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். அந்த மல்லுக்கட்டெல்லாம் சேர்ந்து மேலே இப்படித்தான் வந்து சேர்கிறதா? மெட்டு ஒரு பக்கத்தில் தொடங்கி நடுவில் கை மாறி என் பக்கத்துக்கு வருகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மெல்லோஃபோன் மூன்றாம் பகுதி என்று எனக்குக் கொடுத்திருந்தார்கள், பாதிக்கு மேல் தட்டுக்கு நடுவில் விழுகிற ஒற்றைச் சுரங்கள், ஊதி ஊதிச் சலித்துப்போயிருந்தேன். மேலிருந்து கேட்டால் அந்தச் சுரங்கள்தான் முழு மெட்டையும் முன்னால் தள்ளிக்கொண்டு போகின்றன. மற்ற மூன்றாம் பகுதிக்காரர்கள் ஊதினார்கள், நான் உட்கார்ந்த இடத்தில் விரலால் ஊதினேன்.

அப்புறம் கம்பெனி ஃப்ரண்ட் வந்தது. கொம்புக்காரர்கள் எல்லாரும் ஒரே நேர்க்கோடாக நீண்டு பார்வையாளரை நோக்கி நடந்து வருகிற இடம், முழு நிகழ்ச்சியிலும் ஆகச் சத்தமான இடம். அதில் என் டாட், 35 யார்டு கோட்டுக்கு 2 ஸ்டெப் வெளியே, மைதானத்தில் போட்டிருக்கும் முன் ஹாஷ் குறிகளுக்கு 4 ஸ்டெப் பின்னால். இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கோடு உருவாகி முன்னால் நகர்ந்தது, அதில் ஒரு ஆள் அகலத்துக்கு ஓட்டை. எல்லா இடைவெளியும் துல்லியமாக ஒரே அளவு, அந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டு மடங்கு. ஒருவர் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் நெருங்கி வந்து மூடக் கூடாது, அவரவர் டாட்டில்தான் நிற்க வேண்டும் என்பது எல்லாக் கோர்களிலும் உள்ள பழக்கம், நானே எத்தனையோ முறை மற்றவர்களுக்காக அப்படி நின்றிருக்கிறேன். ஆனால் அதை மேலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. என் இடப்பக்கத்துப் பெண், யாருமே இல்லாத ஒரு இடத்தோடு சரியான இடைவெளி விட்டு, ஓரக்கண்ணால் அந்த இடத்தை அளந்துகொண்டே நடந்தாள். நான் அங்கே இருக்கும்போது எப்படி நடப்பாளோ அதே மாதிரி, ஒரு அங்குலம் கூட உள்ளே வரவில்லை.

அப்பா அன்றைக்கு வந்திருந்தால் நான் எது என்று உடனே கண்டுபிடித்திருப்பார் என்று தோன்றியது. தோன்றியதும் கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் கால் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

கால் சரியாகி மறுபடி இறங்கியபோது எல்லாம் மாறிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. மைதானத்துக்குள் எனக்குக் கேட்டதில் ஒன்றும் மாறவில்லை. அதே மூச்சு, அதே முதுகில் இடிக்கும் அடிச்சுரம், மறுபக்கத்திலிருந்து தாமதமாக வரும் அதே மெட்டு. ஆனால் இதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டேன், அதனால் காதோடு சண்டை போடுவது நின்றுவிட்டது. டிரம் மேஜரின் கை இறங்கினால் ஊதினேன். மூன்றாம் பகுதியின் ஒற்றைச் சுரங்களை அதற்குப் பிறகு ஒரு நாளும் ஏனோதானோ என்று ஊதியதில்லை.

அடுத்த வருஷமும் அணிவகுத்தேன். 2005 இறுதிப்போட்டி மாசசூசெட்ஸில் ஃபாக்ஸ்பரோவில் நடந்தது, அன்றிரவு அரங்கில் உட்கார்ந்து கேடட்ஸைப் பார்த்த பல்லாயிரம் பேரில் நானும் ஒருவன், 99.15 வாங்கினார்கள், அதுவரை யாரும் அதற்கு மேல் வாங்காத புள்ளி. அரங்கமே எழுந்து நின்றது. எனக்கு அப்போதும் இதுதான் ஓடியது: கீழே இருக்கிற அந்தப் பிள்ளைகளுக்கு இது கேட்காதே, நமக்குக் கேட்கிற இது ஒருவருக்கும் கேட்காதே.

ஆக, அந்த ஒலிப்பதிவு எனக்கு ஏன் அந்நியமாக இருந்தது என்பது இப்போது விளங்குகிறது. மைக்கை வைத்தது மேலே, பார்வையாளர் பக்கம். நான் இருந்தது கீழே. எனக்குத் திரும்ப வேண்டியது அந்த மூடுபனியும் என் காதோடு நான் போட்ட சண்டையும் இடப்பக்கத்து மூச்சும்தான், அதை யாரும் பதிவு செய்யவில்லை, செய்யவும் முடியாது. ஒவ்வொருவருக்கும் அது வேறு வேறு. கேடட்ஸில் தொண்ணூறு வருஷமாக அணிவகுத்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் அத்தனை விதமாக அதைக் கேட்டிருப்பார்கள். மடக்கு நாற்காலிப் பெரியவர் எந்தப் பக்கம் என்று கேட்டது அதனால்தான். உனக்கு எது கேட்டது என்று கேட்டிருக்கிறார், நானும் அதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

இதைக் குழுவில் எழுதிப் போட்டேன். காரை நிறுத்திவிட்டுக் கேட்டவள்தான் முதலில் பதில் போட்டாள். அவள் கலர் கார்டில் இருந்தவள், கொம்பு ஊதாதவள், நிகழ்ச்சியின் பாதி நேரம் எங்களுக்கு முன்னால் பார்வையாளர் பக்கமாக நின்றவள். அவளுக்கு அந்தப் பதிவில் இருப்பதும் அன்றைக்குக் கேட்டதும் கிட்டத்தட்ட ஒன்றுதானாம், அதனால்தான் அழுகை வந்ததாம். கான்ட்ரா ஊதிய ஒருவன் தனக்கு அந்தப் பதிவில் கேட்டதெல்லாம் புதுசு என்றான். அதன் பிறகு குழுவில் யார் யாருக்கு என்ன கேட்டது என்பதே பேச்சாகிவிட்டது, அது இன்னும் முடியவில்லை.

அக்கா மகள் இந்தக் குளிர்காலத்தில் ஒரு கோரின் தேர்வு முகாமுக்குப் போனாள். அவளும் மெல்லோஃபோன்தான், இப்போது எல்லாருக்கும் மூன்று வால்வு. போன வாரம் போன் செய்து, "இடம் கிடைச்சிருச்சு மாமா, ஆனா மூணாவது பார்ட்தான் குடுத்திருக்காங்க" என்றாள், குரலில் கொஞ்சம் ஏமாற்றம். அவளிடம் நான் பேசியது அரை மணி நேரத்துக்குக் குறையாது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகாம் தொடங்குவதற்குள் எதைப் பழக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியைத் தெருக்கோடியில் வைத்துவிட்டு, அதன் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே அடி எடுத்து வைத்துப் பழகச் சொன்னேன். கட்டணம் பல ஆயிரம் டாலர் வருகிறது, அக்கா யோசிக்கிறாள். பாதியை நான் கட்டுகிறேன், மே மாதம் கொண்டுபோய் விடுவதும் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.